திங்கட்கிழமை போட்ட கல்: குழந்தைகளுக்கு ஒரு அண்டப்புளுகுப் படக்கதை எழுதும் முறை

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்.' 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.' இரண்டும் பச்சைப் புளுகு. எறும்பு ஊர்ந்து தேய்ந்த கல்லை யாரும் பார்த்ததில்லை. ஆனால் விடாமுயற்சியைச் சொல்லும் புளுகுக் கதைக்கு வேண்டிய மூன்று சாமான்களும் அந்த ஒரு வரிக்குள் இருக்கின்றன: சின்ன உயிர், பெரிய தடை, முடியாத அளவுக்கு நீளும் வேலை. படக்கதை எழுத உட்காருகிறவர்கள் முதலில் இந்த எறும்பை நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழமொழி எறும்பைப் பெரிதாக்கவில்லை. எறும்பு எறும்பாகவே இருக்கிறது.

பெரும்பாலான கதைகள் சறுக்குவது இங்கேதான். புளுகுக் கதை என்றதும் மலையைத் தூக்கும் பையன், ஒரே மூச்சில் ஏரியைக் குடிக்கும் பாட்டி என்று ஆளைப் பெரிதாக்கிவிடுகிறோம். மலையைத் தூக்க முடிந்தவனுக்கு விடாமுயற்சி எதற்கு? ஒரு தடவை தூக்கினால் கதை முடிந்தது. அமெரிக்க மரவெட்டிகளின் பால் பன்யன் கதைகள் இந்த வகை. 1914-ல் ரெட் ரிவர் லம்பர் கம்பெனி விளம்பரத்துக்காக அச்சிட்ட சிறுநூல் வழியாகப் பரவியவை. கேட்கச் சுகமாக இருக்கும், ஆனால் அந்த ராட்சதன் எதற்கும் திணறுவதில்லை. அதே நாட்டு ஜான் ஹென்றி வேறு மாதிரி. 1870-களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாவில் பிக் பெண்ட் ரயில் சுரங்கம் குடைந்தபோது, கையில் சம்மட்டியோடு நீராவித் துளைக் கருவியை எதிர்த்து நின்றதாகப் பாடப்படும் தொழிலாளி. அவனுக்கு எதிரே நிற்பது இயந்திரம் என்பதால் கதைக்குள் உழைப்பு வந்துவிடுகிறது. ஆனால் அவன் ஜெயித்த கையோடு செத்துப்போகிறான். ஆறு வயதுக்காரர்களுக்கு எழுதும்போது அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 'விடாமல் உழைத்தால் செத்துப்போவோம்' என்றுதான் குழந்தைக்குப் பதியும்.

ஆக முதல் விதி: புளுகு தடையின் மேல் விழட்டும். ஆள் சாதாரணமாக இருக்கட்டும். கம்பன் அவையடக்கத்தில் பாற்கடலை முழுக்க நக்கிக் குடிக்கப் போன பூனையைச் சொல்கிறான். கடல் பெரியது, பூனை வீட்டுப் பூனைதான். அந்த விகிதம் போதும்.

ஒரே ஒரு புளுகு

கதைக்கு ஒரு பெரிய பொய்தான் இருக்க வேண்டும். பேசும் ஆடு, பறக்கும் பாய், ஆழமான கிணறு எல்லாவற்றையும் ஒரே கதையில் திணித்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்ற அத்தனையும் அந்தப் பொய்க்குக் கட்டுப்பட்டு நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எடுத்துக்காட்டுக்கு ஒரு கிணற்றை வைத்துக்கொள்வோம். வானம் பார்த்த பூமியில் ஒரு ஊர். அங்கே ஒரு கிணறு. திங்கட்கிழமை காலையில் கல்லைப் போட்டால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் 'டொப்' என்று கேட்கும். பொன்னிக்கு ஏழு வயது. அவள் நட்ட முருங்கைப் போத்துக்கு (நடுவதற்கு வெட்டிய கிளை) ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். அவ்வளவுதான் கதை.

இந்தப் பொய்யில் அளவு இருப்பதைக் கவனியுங்கள். இருபது மீட்டர் ஆழமான கிணற்றில் கல் விழ ஏறக்குறைய 2 விநாடி ஆகும். கிணறு பார்த்த குழந்தைக்கு 'ஒண்ணு, ரெண்டு, டொப்' என்று உடம்பிலேயே தெரியும். அதை ஐந்து நாளாக இழுத்தால் சிரிப்பு வருகிறது. 'மிக மிக ஆழமான கிணறு' என்று எழுதினால் எதுவும் வராது. கிணறே பார்க்காத நகரத்துக் குழந்தைகளுக்கென்றால் மாடிப்படி, லிஃப்ட் என்று அவர்கள் உடம்புக்குத் தெரிந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்களும் அப்படித்தான். கயிறு எட்டாமல் பொன்னி ஊர்ச் சேலை வேட்டியை முடிந்து நீட்டப்போகிறாள். 'ஆயிரம் சேலை' என்பது சோம்பேறி எண். எண்ணிப் பார்க்காதவன் சொல்வது. 'நாற்பத்தொரு சேலை, பதினேழு வேட்டி' என்றால் யாரோ உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். புளுகு எவ்வளவு பெரிதோ கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும். எழுதும்போது பக்கத்தில் ஒரு தாள் வைத்துக் கணக்கைப் போட்டுவிடுங்கள். வீட்டு வாளிக்கயிறு 30 முழம். சேலை ஒன்று ஐந்தரை மீட்டர், அதாவது சுமார் 12 முழம். 41 சேலைக்கு 492. எட்டு முழ வேட்டி 17-க்கு 136. மொத்தம் 658 முழம். ஐம்பத்தொன்பது துண்டைச் சேர்க்க 58 முடிச்சு, முடிச்சுக்கு ஒரு முழம் போனால் மிச்சம் சரியாக 600. இந்தக் கணக்கு முழுவதும் கதையில் வரப்போவதில்லை. ஆனால் எங்கேயாவது ஒரு குழந்தை விரல் விட்டு எண்ணும். எண்ணிப் பார்த்துச் சரியாக வந்தால் அதற்கு ஏற்படும் மகிழ்ச்சி தனி.

தோல்விகளை அடுக்குவது

இந்தப் பகுதிக்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். மூன்று தடவை ஒரே மாதிரி இழுத்து, நான்காவது தடவை தண்ணீர் வந்தது என்று எழுதினால் அது பிடிவாதம். விடாமுயற்சி என்றால் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று மாற வேண்டும். போன தடவை எதனால் கெட்டதோ அது இந்தத் தடவை சரியாகி, அந்தச் சரியான இடத்திலிருந்தே புதுச் சிக்கல் முளைக்க வேண்டும்.

பொன்னி முதலில் வீட்டுக் கயிற்றை விடுகிறாள். முப்பது முழம் போய் வாளி அந்தரத்தில் தொங்குகிறது. தெருவெல்லாம் போய்ச் சேலையும் வேட்டியும் வாங்கி முடிகிறாள். 600 முழம். வாளி இறங்குகிறது, இறங்குகிறது, திடீரென்று கை லேசாகிறது. முடிச்சு ஒன்று வழுக்கிவிட்டது. எந்த முடிச்சு? பட்டுச்சேலை முடிச்சு. பட்டு வழுக்கும், நூல்சேலை பிடித்துக்கொள்ளும். படத்தில் மேலே வந்த கயிற்று முனையில் பளபளவென்று பட்டுச்சரிகை தெரிந்தால் போதும், எழுத்தில் சொல்ல வேண்டாம். வாளி விழுந்த நாள் திங்கள். சத்தம் வெள்ளிக்கிழமை கேட்கிறது. முதல் பக்கத்துப் பொய் இங்கே வட்டியோடு திரும்ப வருகிறது.

மூன்றாவது தடவை பட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்து ஊர்ச் சலவைத்துணியையும் சேர்த்து, முனையில் பாதாளக் கரண்டியைக் கட்டி இறக்குகிறாள். கிணற்றில் விழுந்த வாளியைக் கொக்கி போட்டு எடுக்கும் அந்தச் சாமானுக்கு நம் ஊரில் வைத்திருக்கும் பேரே ஒரு புளுகுக் கதை. இப்படிப்பட்ட சொல் கிடைத்தால் விடாதீர்கள். வாளி மாட்டுகிறது. இழுக்கிறாள். வாளி மேலே வருகிறது, காலியாக. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததில் அடியில் ஓட்டை. நான்காவது தடவை ஓட்டையைத் துணியும் அரக்கும் வைத்து அடைக்கிறாள். ஏழு நாள் இழுக்கிறாள்.

ஒவ்வொரு தோல்வியும் முந்தையதன் பிள்ளை. கயிறு எட்டாததால் சேலை, சேலையால் பட்டு முடிச்சு, முடிச்சால் ஓட்டை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் கதை உடைந்துபோக வேண்டும். எடுத்தும் கதை உடையாவிட்டால் அந்தத் தோல்வி வெறும் நிரப்புச் சாமான், தூக்கிவிடுங்கள். நான்கு தடவைக்கு மேல் போனால் குழந்தை நெளியும். இரண்டோடு நிறுத்தினால் உழைத்த மாதிரி தெரியாது.

கடைசியில் தேவதை, சாமி, திடீர் மழை எதையும் வரவழைக்காதீர்கள். அடிக்கடி நடக்கும் குற்றம் இது. ஏழு நாள் இழுத்தவளைப் பார்த்து மனமிரங்கி மேகம் பொழிந்தது என்று எழுதினால், இழுத்தது வீண், அழுதிருந்தாலே போதும் என்றாகிவிடும். பகீரதன் கதையில் தவத்துக்கு இரங்கித்தான் கங்கை இறங்குகிறாள். புராணத்துக்கு அது பொருந்தும், பொன்னிக்குப் பொருந்தாது. உதவிக்கு ஆள் வரலாம். அப்பத்தா கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனால் யோசனை பொன்னியுடையதாக இருக்க வேண்டும்.

கிடைப்பதும் சின்னதாக இருக்கட்டும். அவ்வளவு பெரிய கிணற்றிலிருந்து ஒரே ஒரு சொம்புத் தண்ணீரும், கூடவே ஒரு தவளையும். ஊருக்கெல்லாம் தண்ணீர் வந்தது, பொன்னிக்குப் பாராட்டு விழா நடந்தது என்று போனால் குழந்தை விழாவைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

32 பக்கத்தில் எது எங்கே

படக்கதைகள் பெரும்பாலும் 32 பக்கம். காரணம் அச்சுத்தாள்: ஒரு பெரிய தாளின் இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அப்படி இரண்டு. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை எப்படியும் நான்கால் வகுபட வேண்டும். முதல் பக்கம் தலைப்பு, 2–3-ல் பதிப்பு விவரமும் ஒரு சின்னப் படமும் போனால், 4–5 தொடங்கி 30–31 வரை பதினான்கு விரிபக்கங்கள் (எதிரெதிரே விரியும் இரண்டிரண்டு பக்கங்கள்) கதைக்கு. முப்பத்திரண்டாம் பக்கம் தனியாக நிற்கும். அதைக் கடைசி அடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்னி கதையை இப்படிப் பிரிக்கலாம்:

4–5: ஊரும் கிணறும். திங்கட்கிழமை கல் விழுகிறது.
6–7: செவ்வாய், புதன், வியாழன். வெள்ளி, 'டொப்'.
8–9: முருங்கைப் போத்து, ஒரு சொம்புத் தண்ணீர்.
10–13: முப்பது முழம்.
14–17: சேலையும் வேட்டியும், வழுக்கிய முடிச்சு.
18–21: பாதாளக் கரண்டி, ஓட்டை வாளி.
22–23: எழுத்தே இல்லை. பொன்னி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். போத்தில் இருந்த ஒற்றை இலை வாடியிருக்கிறது.
24–27: அடைத்த வாளி, ஏழு நாள்.
28–29: வாளி வெளியே வருகிறது.
30–31: தண்ணீர் ஊற்றுகிறாள்.

அந்த 22–23 முக்கியம். எழுத்தில்லாத விரிபக்கத்தைப் பதிப்பாசிரியர் நிரப்பச் சொல்லலாம், விட்டுக்கொடுக்க வேண்டாம். சத்தம் போட்டு வாசிக்கிறவர் அங்கே தானாக நிற்பார். குழந்தை வாடிய இலையைத் தொட்டுப் பார்க்கும். 'பொன்னி மனம் தளர்ந்தாள்' என்ற வரியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

திருப்பம் எப்போதும் வலப்பக்கத்தின் கடைசி வரியில் தொங்க வேண்டும். விடை தாளைத் திருப்பியதும் இடப்பக்கத்தில். 'கை லேசாகிவிட்டது' என்று 15-ல் முடிந்தால், அவிழ்ந்த முனை 16-ல். இரண்டையும் ஒரே விரிபக்கத்தில் வைத்தால் குழந்தையின் கண் முதலில் படத்துக்குப் போய்விடும், வரி செத்துவிடும்.

எழுத்து மொத்தம் 350 முதல் 400 சொல். ஆங்கிலப் படக்கதைக்குச் சொல்லும் 500 சொல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழில் 'இழுத்துக்கொண்டிருந்தாள்' ஒரே சொல். பக்கத்துக்கு மூன்று வரி, வரிக்கு நாலைந்து சொல் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

சொல்லும் முகம்

ஊரில் புளுகுவதில் பேர் வாங்கிய பெரிசுகளைக் கவனித்தால் தெரியும்: சிரிக்கவே மாட்டார்கள். முகத்தில் ஒரு சுருக்கம் மாறாது. கதைசொல்லியும் அப்படித்தான் இருக்க வேண்டும். 'நீங்கள் நம்பவே மாட்டீர்கள்', 'ஆச்சரியம் என்னவென்றால்', ஆச்சரியக்குறிகள், எல்லாம் வெளியே. வெள்ளிக்கிழமை கல் விழுந்த சேதியைப் பால் விலை சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

'வெள்ளிக்கிழமை சாயங்காலம் டொப் என்றது. அப்பத்தா, "இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரமா விழுந்துருச்சு" என்றாள்.'

இரண்டாவது வாக்கியம்தான் புளுகை நிலைநிறுத்துகிறது. கல் விழுவது அந்த ஊரில் வாராவாரம் நடப்பது, அப்பத்தா அதை வைத்துத்தான் நேரம் பார்க்கிறாள் என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதியில்லையா என்பார்கள். நெய் வடிந்ததோடு நிறுத்தாமல், வடிந்த நெய்யில் பிசுக்கு இருந்தது என்று குறைப்பட்டுக்கொள்கிறவரைத்தான் நம்பத் தோன்றும்.

கதைசொல்லியின் வரி எளிய எழுத்துத் தமிழில் இருக்கலாம், பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். 'எனக்கு இன்னும் ஒரு முழக் கயிறு தேவைப்படுகிறது' என்று ஏழு வயதுப் பிள்ளை பேசாது. 'இன்னும் ஒரு முழம்' போதும். இதையே ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பொன்னி சொல்லும் வரியாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவைக்குள் கேட்கும் குழந்தைகளும் சேர்ந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். 24-ஆம் பக்கத்தில் அந்த வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டால் அவர்களே சொல்வார்கள்.

முயற்சி, விடாமுயற்சி, தன்னம்பிக்கை, வெற்றி ஆகிய நான்கு சொற்களும் கதைக்குள் ஓரிடத்திலும் வரக் கூடாது. பின்னட்டையில்கூட வேண்டாம். 'ஆகவே குழந்தைகளே' என்று தொடங்கும் பத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 32-ஆம் பக்கத்துக்கு இதுபோல ஒன்று:

'நம்பிக்கை இல்லையா? ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வரை காது கொடுத்துக் கேட்கவேண்டும்.'

படத்துக்கான குறிப்பு

எழுத்தாளரே படம் வரைய வேண்டியதில்லை. ஓவியருக்குக் கொடுக்கும் குறிப்பும் கதைக்கு வெளியே தனித்தாளில் இருக்கட்டும். எழுத்து சொல்வதையே படமும் சொன்னால் ஒன்று தண்டம். ஊர்ச் சேலை வேட்டியெல்லாம் கிணற்றுக்குள் போய்விட்ட பிறகு பெரியவர்கள் பாயையும் சாக்கையும் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்பதை ஓவியர் வரையட்டும், எழுத்தில் அதைப்பற்றி மூச்சுவிடாதீர்கள். குழந்தை தானே கண்டுபிடித்த சிரிப்பு அது.

ஆழத்தைக் காட்ட ஒரு விரிபக்கத்தில் புத்தகத்தை நெட்டுக்குத் திருப்ப வைக்கலாம். காசு செலவில்லாத வித்தை. ஒரே ஒரு தடவைதான், மறுபடி செய்தால் சலிப்பு. கயிறு நடுமடிப்பைத் தாண்டும் இடத்தில் கவனம் தேவை: மடிப்பிலும் வெட்டிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மெல்லிய சாய்ந்த கோடு ஒடிந்தமாதிரி தெரியும். அந்த இடத்தில் கயிற்றைத் தடிமனாக, சேலை மடிப்பாக வரையச் சொல்லுங்கள். முகங்களும் எழுத்தும் மடிப்புக்குள் போகக் கூடாது. வெளி ஓரத்தில் படத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி வரைய வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைக் கீற்று எட்டிப்பார்க்கும். முக்கியமான இன்னொன்று: இந்தக் கதையைப் படித்த பிள்ளை கிணற்றை எட்டிப்பார்க்கும். எல்லாப் படத்திலும் கைப்பிடிச் சுவர் பொன்னியின் நெஞ்சுக்கு மேல் இருக்க வேண்டும், அப்பத்தா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

டம்மியும் சோதனை வாசிப்பும்

எட்டு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கி நடுவில் மடித்துப் பின் அடித்தால் 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், கிடைத்துவிடும். எழுத்தைக் கத்தரித்து ஒட்டி, படத்துக்குப் பதில் குச்சி மனிதர்களைக் கிறுக்கினால் போதும். கணினியில் நன்றாக ஓடிய கதை டம்மியில் எங்கே நொண்டுகிறது என்று கை சொல்லிவிடும். எந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லையோ அங்கே தொங்கல் இல்லை. ஏழு நாள் இழுக்கும் பகுதி ஒரே விரிபக்கத்தில் முடிந்துவிட்டால் 'சட்டென்று வந்துவிட்டது' போலத் தோன்றும். அதற்காகத்தான் 24–27 என்று இரண்டு கொடுத்தது: ஒன்றில் இழுத்துக்கொண்டே சாப்பிடுகிறாள், இன்னொன்றில் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு தூங்குகிறாள்.

பதிப்பகத்துக்கு அனுப்பலாம், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற இலவசக் கதைத் தளத்திலும் ஏற்றலாம். அங்கே போட்டால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் பேர் குறிப்பிட்டு யாரும் மாற்றலாம், மொழிபெயர்க்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

அதற்கு முன்னால் ஐந்தாறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவது கட்டாயம். ஆறு, ஏழு வயது சரியான வயது. நான்கு வயதுக்குப் புளுகு புளுகென்று தெரியாது, கிணற்றைப் பார்த்துப் பயப்படும். வாசித்து முடித்ததும் 'இந்தக் கதையிலிருந்து என்ன தெரிகிறது?' என்று கேட்டுவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் பழகிய விடையைத் தயாராக எடுத்து நீட்டுவார்கள். 'பட்டுச்சேலை கொடுத்தது யாராக இருக்கும்?', 'வாளிக் காது பிய்ந்திருந்தால் பொன்னி என்ன செய்திருப்பாள்?' என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆளுக்கொரு வழி சொல்லிச் சண்டை போட்டால் தோல்விச் சங்கிலி சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. 'வேற வாளி வாங்கலாம்ல' என்று ஒருவன் கேட்டால் அதுவும் நியாயமான கேள்விதான். ஊரில் அந்த ஒரு வாளிதான் இருக்கிறது என்பதை 8–9-லேயே எழுதிவிட்டு மறுபடி வாசித்துக் காட்டுங்கள்.